ரோட்ஸ்டரைப் புதுப்பிப்பதா, ஓட்டி முடிப்பதா, இப்போதே தள்ளிவிடுவதா?

என் காருக்குப் பதினெட்டரை வயது. 2007 நவம்பரில் சிங்கப்பூரில் பதிவான மாஸ்டா எம்எக்ஸ்-5, மூன்றாம் தலைமுறை, இரண்டு லிட்டர் இன்ஜின், ஆறு கியர் மேனுவல், பொத்தானை அழுத்திப் பிடித்தால் 12 விநாடியில் மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும் கூரை. இரண்டே இருக்கை, ரோட்ஸ்டர் என்பார்களே, அது. 2014-இல் முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினேன். 2017-இல் சிஓஇயை, அதாவது காரைச் சாலையில் ஓட்டும் உரிமையை, பத்து வருஷத்துக்குப் புதுப்பித்தேன், அது 2027 நவம்பரில் முடிகிறது, அதாவது கையில் இருப்பது இன்னும் 18 மாதம்.

இதே நேரத்தில் நண்பர் ஒருவரும் சிக்கியிருக்கிறார். அவருடையது டொயோட்டா 86, 2016 செப்டம்பர் பதிவு, முதல் பத்து வருஷமே இப்போதுதான் முடியப்போகிறது. மதியச் சாப்பாட்டில் கைப்பேசியை என் பக்கம் தள்ளிவிட்டு, "மச்சான், நீ இதை ஒரு தடவை பண்ணியிருக்கே, நான் என்ன பண்ணட்டும் சொல்லு" என்றார். அவருக்காகக் கணக்குப் போட உட்கார்ந்தவன் என் கணக்கையும் பக்கத்திலேயே எழுதிப் பார்த்தேன். ஒரே கேள்விதான், இரண்டு பேருக்கும் வேறு வேறு விடை வந்தது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு நிமிஷம். இங்கே காரை வாங்கினால் மட்டும் போதாது, அதைச் சாலையில் ஓட்டும் உரிமையையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். அதுதான் சிஓஇ, வாகன உரிமைச் சான்றிதழ். 1990 மே மாதத்திலிருந்து இருக்கிறது. ஆயுள் பத்து வருஷம். முடிந்ததும் காரைப் பதிவு நீக்கம் செய்ய வேண்டும், இல்லையென்றால் கடைசி மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டி இன்னும் ஐந்தோ பத்தோ வருஷத்துக்கு நீட்டிக்கலாம். எங்கள் இருவர் காரும் பெரிய கார்களுக்கான பி பிரிவு. அந்தப் பிரிவின் விலை 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) தொட்டது. அதற்குப் பிறகு ஏறி இறங்கினாலும், ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியது அரிது. இந்தக் கட்டுரை முழுக்க 120,000 வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். வகுக்க வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் உங்கள் மாதத்து எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நண்பர் கணக்கு, ஏனென்றால் அவர் கணக்கில்தான் பலரும் கோட்டை விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. புதுக் காரைப் பதிவு செய்யும்போது ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம் கட்டுகிறோம். பத்து வருஷத்துக்குள் காரைப் பதிவு நீக்கினால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும், அதைத்தான் எல்லாரும் பார்ஃப் என்கிறார்கள். ஒன்பது முடிந்து பத்துக்குள் என்றால் பாதி. (பார்ஃப் விதிகள் 2023-இல் இறுகிவிட்டன, ஆனால் அது அதற்குப் பின் பதிவான கார்களுக்கு.) நண்பர் காரின் இறக்குமதி மதிப்பு, அதாவது ஓஎம்வி, 28,000 வெள்ளி. அந்தக் காலத்து விதிப்படி முதல் 20,000-க்கு அதே அளவு, மிச்சம் 8,000-க்கு 140 விழுக்காடு. ஆக ஏஆர்எஃப் 31,200, அதில் பாதி 15,600. புதுப்பித்தால் இந்த 15,600 போயே போயிற்று, பிறகு எப்போது நீக்கினாலும் வராது.

ஆகவே அவருக்குப் பத்து வருஷப் புதுப்பிப்பின் விலை 120,000 இல்லை. 135,600. மாதத்துக்கு 1,130 வெள்ளி. ஐந்து வருஷம் என்றால் சிஓஇ பாதி விலை, 60,000, ஆனால் பார்ஃப் இழப்பு பாதியாகாது, அதே 15,600 முழுசாகப் போகும். கூட்டினால் 75,600, மாதத்துக்கு 1,260. "குறைந்த காலம், குறைந்த பணம்" என்று நினைத்து ஐந்து வருஷத்தை எடுப்பவர் மாதக் கணக்கில் அதிகம் கட்டுகிறார்.

அதோடு முடியவில்லை. ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. காலம் முடிந்த அன்று கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஏற்றுமதி, இல்லையென்றால் உடைப்புக் கிடங்கு. பத்து வருஷத்துக்குப் புதுப்பித்தவரோ எப்போது வேண்டுமானாலும் பதிவை நீக்கி, ஓட்டாத மாதங்களுக்கான சிஓஇ பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பத்துக்குக் கட்டிவிட்டு ஐந்தாம் வருஷம் போதும் என்று நிறுத்தினால் பாதி திரும்பி வரும், அதாவது ஐந்து வருஷக்காரர் செலவழித்த அதே தொகைதான் செலவாகியிருக்கும், ஆனால் தொடரும் வழியும் திறந்தே இருந்திருக்கும். ஐந்து வருஷத்துக்குச் சாதகமாக ஒரே ஒரு விஷயம்தான்: முதலில் கையிலிருந்து போகும் தொகை பாதி. கடன் வாங்கிக் கட்டுபவருக்கு அந்த வட்டி பெரிய விஷயம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரை ஆசைக்காக வைத்திருப்பவன் ஐந்து வருஷம் எடுப்பதை நான் இதுவரை புரிந்துகொண்டதில்லை. கைவிட முடியவில்லை என்றுதானே புதுப்பிக்கிறான், அப்புறம் எதற்கு கைவிடும் தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும்?

சரி, என் கணக்கு. என் கார் ஏற்கெனவே ஒரு முறை புதுப்பித்தது, பார்ஃப் 2017-லேயே போய்விட்டது. அப்போது கட்டியது 52,000 வெள்ளி. மாதத்துக்கு 433. அன்றைக்கு அதுவே அநியாயம் என்று வீட்டில் பேச்சு வாங்கினேன், இன்றைய விலையைப் பார்த்தால் சும்மா கிடைத்த மாதிரி இருக்கிறது. அந்த 433-தான் இப்போது என் கையில் இருக்கும் உண்மையான சொத்து. இன்று பதிவை நீக்கினால் 18 மாதம் பெருக்கல் 433, கிட்டத்தட்ட 7,800 வெள்ளி வரும். காரின் உடலை ஏற்றுமதிக்காரர் 2,000-க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பழைய கார் வியாபாரி ஒருவர் காரைப் பார்க்காமலே போனில் 11,000 என்றார். நேரடியாக யாருக்காவது விற்றால் 14,000 கிடைக்கும், ஏனென்றால் ஒன்றரை வருஷம் ஆசை தீர ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்று தேடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேனுவல் கியரும் திறந்த கூரையும் போதும்.

விற்காமல் ஓட்டி முடித்தால் கடைசியில் மிஞ்சுவது அந்த 2,000 மட்டும். அப்படியானால் நான் விடுகிற பணம் 12,000, பதினெட்டு மாதத்துக்கு, மாதம் 667 வெள்ளி. புதுப்பித்தால் மாதம் 1,000. இதுதான் என் ஒப்பீட்டின் எலும்புக்கூடு. மற்ற செலவுகள் எப்படியும் உண்டு: பத்து வயதைத் தாண்டினால் சாலை வரியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏறி ஐம்பதில் நிற்கும், என் 1,210 வெள்ளி வரி இப்போது 1,815 ஆகிவிட்டது. காப்புறுதி 1,900. பத்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும் பரிசோதனை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மாடிக் கார் நிறுத்தத்துக்கு மாதம் 110.

ஆனால் எலும்புக்கூட்டின் மேல் சதை இருக்கிறது, அது சில இடங்களில் அழுகவும் ஆரம்பித்திருக்கிறது.

போன ஆண்டு மழைக்காலத்தில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கால்மிதி ஈரமாக இருந்தது. ஏசி தண்ணீர் என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காருக்குள் ஊறப்போட்ட துணி வாடை. சின் மிங் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அங்கிள் கூரைக்குப் பின்னால் இருந்த மூடியைக் கழற்றி, நீளமான வளையும் கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். கறுப்பாக, தேயிலைச் சக்கை மாதிரி ஒரு உருண்டை வந்தது. பிரித்துப் பார்த்தால் முழுக்கத் தூங்குமூஞ்சி மரத்தின் குட்டிக் குட்டி இலைகள். எங்கள் புளோக்கின் திறந்தவெளி நிறுத்தத்தில் அந்த மரத்தடியில்தான் நிழல் என்று வருஷக்கணக்கில் நிறுத்தியிருந்தேன். கூரையில் விழும் தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் குழாய் இருக்கிறது, அது அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் வரும், அவ்வப்போது சுத்தம் செய் என்று கையேட்டிலேயே இருக்கிறதாம். நான் படித்ததில்லை. அதற்குப் பிறகுதான் மாடி நிறுத்தத்துக்கு மாறினேன்.

இந்த மாதம் அவர் காட்டியது வேறு. கூலன்ட் தொட்டி, இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம் நிற்கும் இடம். புதிதில் பால் வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக், இப்போது பழைய ஊறுகாய் பாட்டில் மூடி நிறத்தில் மஞ்சளாகி, அடிப்பக்கத் தையலில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு, அதைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்த கறை. பதினெட்டு வருஷமாக இன்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் வேறு எப்படி இருக்கும். மாற்றச் சொல்லி அவர் சொல்லி இரண்டு வருஷமாகிறது, தள்ளிப்போட்டது நான்தான். நெடுஞ்சாலையில் அது பிளந்தால் கூலன்ட் முழுக்கக் கொட்டி, கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் தலையே வளைந்துவிடும். இருநூறு வெள்ளிக்குள் முடிகிற வேலையை விட்டு நாலாயிரத்துக்கு வழி பண்ணுவது இதுதான்.

நல்ல செய்தி என்னவென்றால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. 1989-இல் சிகாகோவில் முதல் முறை காட்டிய கார், 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது, உலகம் முழுக்க இதைப் பிரித்து மேய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கொஞ்சமாகத் தயாரித்து நிறுத்திவிட்ட காராக இருந்தால், ஒரு விளக்குக் கூட்டுக்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டிவரும், அப்போது மாதக் கணக்கெல்லாம் அர்த்தமில்லாமல் போய்விடும்.

வேறு வழிகளையும் பார்க்காமல் இல்லை. இதே காரைப் புதிதாக வாங்கலாம் என்றால், ஓஎம்வி 35,000 என்று வைத்தால்கூட ஏஆர்எஃப் மட்டும் 41,000, அதன் மேல் சிஓஇ, அதன் மேல் வரி, அதன் மேல் விற்பவர் லாபம். அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. கிளாசிக் கார் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, முழு சிஓஇ விலையைக் கட்டாமல் ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம், ஆனால் காருக்கு 35 வயது ஆக வேண்டும். என் கார் அந்த வயதை எட்டுவது 2042-இல். சிவப்பு நம்பர் பிளேட் மாட்டி வாரநாட்களில் மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை மட்டும் ஓட்டும் திட்டத்தில் சாலை வரி குறையும், ஆனால் எனக்கு ஷிப்ட் வேலை, பகலில் எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 20 வெள்ளி கட்டிக்கொண்டிருக்க முடியாது. காரைக்குடியில் இருக்கும் சித்தப்பா பையன், "அண்ணே, அங்க எதுக்கு உடைக்கணும், இங்க அனுப்பிடுங்க, நான் வச்சுக்கிறேன்" என்று உருகினான். மூன்று வயதைத் தாண்டிய பழைய காரை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யவே முடியாது என்று சொன்னதும் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு போனை வைத்தான்.

இனி எண்ணில் அடங்காத பக்கம்.

எட்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி பத்து மணிக்கு மேல், கூரையைத் திறந்து அம்மாவை சிராங்கூன் சாலையில் அழைத்துப் போனேன். விளக்கு அலங்காரம் தலைக்கு நேர் மேலே. அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார். நெரிசலில் கார் நகரவே இல்லை, அது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று. "இத்தனை வருஷமா நடந்து நடந்து பாத்தேன் தம்பி, அண்ணாந்து பாத்ததே இல்ல" என்றார். இப்போது அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. தரையோடு தரையாக இருக்கும் இந்த இருக்கையில் உட்கார வைத்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். மருத்துவமனைக்கு டாக்சியில்தான் போகிறோம், கார் கீழே சும்மா நிற்கிறது. என் மனைவி இதைச் சொல்லிக்காட்டுவதில்லை, டாக்சி ரசீதை மட்டும் சாவிக்கொத்துப் பக்கத்தில் வைத்துவிடுவாள்.

மாதம் 1,000 வெள்ளியைப் பத்து வருஷத்துக்குக் கட்டி, அம்மா ஏற முடியாத காரை வைத்திருப்பதா என்பதுதான் என் வீட்டில் உண்மையான கேள்வி. அதே 120,000-க்குக் கொஞ்சம் சேர்த்தால் நாலு கதவுள்ள, உயரமான இருக்கையுள்ள, சிஓஇ பாதி மிச்சமுள்ள ஒரு சாதாரண கார் வரும். இரண்டு கார் வைத்திருக்கும் வசதி எனக்கு இல்லை.

மறுபக்கம், ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஓல்ட் அப்பர் தாம்சன் சாலையில் ஒரு சுற்று. 1961-லிருந்து 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ ஓடிய பாதையில் ஒரு பகுதி அது, சுற்று ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். இப்போது ஒரு தடமாகச் சுருக்கிவிட்டார்கள், குரங்குகள் சாலையோரம் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கும், வேகம் எடுக்கவே முடியாது. எடுக்கவும் வேண்டாம். இந்தக் காரின் சுகம் நாற்பது கிலோமீட்டரிலேயே கிடைக்கிறது, மூன்றிலிருந்து இரண்டுக்குக் கியரைத் தட்டும்போது கைக்குள் ஏற்படும் அந்தச் சின்ன 'டக்', வளைவில் பின் சக்கரம் தள்ளுவது இடுப்பில் தெரிவது, மரத்தடி ஈரக் காற்று. வருஷத்துக்கு இரண்டு முறை மலேசியா. முக்கால் டேங்க் நிரம்பாமல் எல்லையைத் தாண்ட விடமாட்டார்கள், அந்தப் பக்கமோ வெளிநாட்டுக் காருக்கு 95 பெட்ரோல் போடக்கூடாது, 97-தான். இருந்தாலும் கேமரன் மலைக்கு ஏறும் சாலைக்கு அதெல்லாம் தகும்.

நண்பருக்கு நான் சொன்னது: உனக்குப் பார்ஃப் 15,600 காத்திருக்கிறது, 86-க்கு ஏற்றுமதிக்காரர்களிடம் விலையும் இருக்கிறது, பத்து வருஷம் முடிவதற்குள் நீக்கிப் பணத்தை வாங்கு. ஆசை தீரவில்லையென்றால் ஏற்கெனவே வேறொருவர் பத்து வருஷத்துக்குப் புதுப்பித்து, பாதிக் காலம் மிச்சமிருக்கும் 86 ஒன்றைத் தேடு. பார்ஃபை இழந்த வலி அவருடையது, உனக்கு இல்லை. புதுப்பித்தே தீருவேன் என்றால் பத்து, ஐந்து வேண்டாம்.

எனக்கு நான் சொல்லிக்கொண்டது: விற்கவும் வேண்டாம், புதுப்பிக்கவும் வேண்டாம். ஓட்டி முடிக்கலாம். 14,000-க்கு இன்று விற்றால் அந்தப் பணத்தில் எனக்குப் பிடித்த எதுவும் வரப்போவதில்லை, 667 வெள்ளிக்கு ஒரு மாதத்து ஞாயிறுகள் கிடைக்கின்றன. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். பெரிய பழுது வந்தால், மிச்சமுள்ள மாதத்தை 433-ஆல் பெருக்கிப் பார்ப்பேன். பழுதுச் செலவு அந்தத் தொகையைத் தாண்டினால் சரிசெய்யாமல் அன்றே பதிவை நீக்கிவிடுவேன். பத்து மாதம் இருக்கும்போது கியர்பாக்ஸ் போனால் 4,330 வெள்ளிதான் எல்லை. அதற்கு மேல் பாசம் காட்டுவதாக இல்லை. 2027 நவம்பருக்குப் பிறகு அம்மாவுக்கு ஏற்ற கார், அதற்கு இப்போதிருந்தே மாதம் ஒரு தொகை ஒதுக்குகிறோம்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கணக்கு ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். போன வாரம் செய்தி அனுப்பினார், பத்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வங்கியில் கடன் கேட்டிருக்கிறாராம்.

நேற்று கூலன்ட் தொட்டிக்கு ஆர்டர் கொடுக்கப் போயிருந்தேன். அங்கிள் கேட்டார், "புதுப்பிக்கிறாயா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் எதற்குப் புதுசு? உடைத்த காரிலிருந்து கழற்றியது ஒன்று என்னிடம் இருக்கிறது, முப்பது வெள்ளிக்குப் போட்டுத் தருகிறேன், பதினெட்டு மாதம் தாங்கும்." அலமாரியிலிருந்து எடுத்தும் காட்டினார். என்னுடையதைவிடக் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதுசே வரவழையுங்கள் என்றேன்.